மறுவாசிப்புக்கு உகந்த நூல்

ஒரு புத்தகத்தை முதல் தடவை படிக்காமலேயே நேராக இரண்டாம் தடவை படிக்கிற வித்தையைப் பார்க்க வேண்டுமானால் எங்கள் மறுவாசிப்பு வட்டத்துக்கு வர வேண்டும். மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை, நூலகத்தின் மாடி அறை, பிளாஸ்டிக் நாற்காலிகள், கால் ஆடுகிற ஒரு மேசை. ஒவ்வொருவராக எழுந்து தனக்குப் பிடித்த புத்தகத்தைப் பற்றிப் பேசுவோம். அங்கே யாரும் எதையும் 'படித்தேன்' என்று சொல்ல மாட்டார்கள். 'மறுபடி படித்தேன்' என்றுதான் சொல்வார்கள். ஒருவர் மூன்று தடவை என்றால் அடுத்தவர் ஐந்து என்பார். ஏலம் மாதிரி ஏறிக்கொண்டே போகும்.

வட்டத்தின் தலைவர் ஓய்வுபெற்ற கல்லூரி முதல்வர். எந்த நூலிலும் முன்னுரையைத் தாண்டி அவர் காலடி வைத்ததில்லை என்பதால் நான் அவருக்கு வைத்திருக்கும் பெயர் முன்னுரையார். வீட்டில் மட்டும்தான் சொல்வேன். அடுத்தவர் பல் டாக்டர். எந்தக் கதையானாலும் 'வேர் வரைக்கும் போகிறது' என்பார், தொழில் புத்தி. மழைக்காலம் வந்தாலே தான் எடுத்துப் படிப்பதாகச் சொல்லி அவர் ஒருமுறை கொண்டுவந்த புத்தகத்தின் மேல் கடைக்காரன் சுற்றிய கண்ணாடித்தாள் அப்படியே இருந்தது. பிறகு வக்கீலம்மா. எதிரே ஆளே இல்லாவிட்டாலும் வாதாடுவார். அப்புறம் ஆடிட்டர். மூலை நாற்காலியில் உட்கார்ந்து பேனா மூடியைத் திறந்து திறந்து மூடுவார், வாயைத் திறந்தால் அது கொட்டாவிக்குத்தான். கடைசியாக நான்.

நான் முதன்முதலில் போனபோது, அட்டை பிய்ந்து, நூல் தொங்கிக்கொண்டிருந்த ஒரு துப்பறியும் கதையைக் கொண்டு போனேன். "கொலைகாரன் யாருன்னு தெரிஞ்சப்புறம் படிக்கறதுலதாங்க சுகமே இருக்கு. அந்த ஆளு மொத அத்தியாயத்துல எவ்ளோ சாதுவா டீ குடிக்கறான்னு பாக்கலாம்" என்று மனதில் பட்டதைச் சொன்னேன். செருப்பை மேசைமேல் வைத்தவளைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். முன்னுரையார் தண்ணீர் குடித்துவிட்டு, "அடுத்து?" என்றார். அதற்குப் பிறகு அந்தக் கூட்டத்துக்கு நான் துப்பறியும் கதை கொண்டு போகவில்லை. வாயில் நுழையாத தலைப்பாகப் பார்த்து எடுத்துப் போனேன்.

எனக்கு வேலை கண்ணாடிக் கடையில், பார்வை சோதிப்பது. நாளெல்லாம் "அந்தக் கீழ் வரியைப் படிங்க" என்று சொல்வதுதான் பிழைப்பு. தெரியாத எழுத்தைத் தெரிந்த மாதிரி படிக்கிறவர்களைப் பற்றி என்னைக் கேளுங்கள். முன்னால் போனவர் சத்தமாகப் படித்ததைக் காதில் வாங்கி, மனப்பாடம் செய்து, உள்ளே வந்து கடகடவென்று ஒப்பிப்பார்கள். நான் அட்டையை மாற்றி வைத்தாலும் பழைய அட்டையையே ஒப்பிப்பார்கள். கண் தெரியவில்லை என்று ஒத்துக்கொள்வதில் மனிதனுக்கு அப்படி என்ன மானக்கேடோ!

இந்த லட்சணத்தில் நானும் ஒரு நாவல் எழுதியிருக்கிறேன். வேலைக்கும் போய், வீட்டையும் பார்த்து, பிள்ளையையும் தூங்க வைத்துவிட்டு, சமையலறை மேடையில் உட்கார்ந்து எழுத முயலும் ஒருத்தியின் கதை. அதில் கணவன் என்று ஒரு பாத்திரம் வரும். செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து 'டீ' என்று குரல் மட்டும் கொடுக்கும். முழுக்க முழுக்கக் கற்பனை. கேட்கிறவர்களிடமெல்லாம் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறேன்.

நாவல் வெளிவந்து, ஊர் வழக்கப்படி ஒருவரும் சீந்தாமல் கிடந்தது. போன மாதம் பதிப்பாளர் போன் செய்தார். "குடோனைக் காலி பண்றேம்மா. எல்லாம் போயிடுச்சு, உங்க புக்குதான் மலையாட்டம் நிக்குது. எடைக்குப் போட்டுடட்டுமா?" சாவுச் செய்தியைக்கூட ஜனங்கள் இதைவிடச் சுற்றி வளைத்துத்தான் சொல்வார்கள். வாயில் வந்ததைச் சொன்னேன்: "அடுத்த மாசம் வரைக்கும் பொறுங்க சார், எங்க வட்டத்துல இந்த வருஷம் என் புக்க பரிசீலனைக்கு எடுத்திருக்காங்க."

அது பொய்யில்லை. வட்டம் ஆண்டுதோறும் ஒரு புத்தகத்தை 'மறுவாசிப்புக்கு உகந்த நூல்' என்று அறிவிக்கும். அறிவித்தால் நூலகம் தன் கிளைகளுக்கெல்லாம் அதை வாங்கும். மலை கரைந்துவிடும். அறிவிக்காவிட்டால் எடைக்கடைதான். ஒரே ஒரு நிபந்தனை: முடிவு ஏகமனதாக இருக்க வேண்டும். ஒரு கை எதிர்த்துத் தூக்கினாலும் நூல் அவுட். சண்டை வரக் கூடாதென்று முன்னுரையார் எழுதிய விதி இது. இதுவரை சண்டை வந்ததே இல்லை. படித்தவன்தானே சண்டை போடுவான்!

பரிசீலனைக்கு வட்டம் ஒரே ஒரு பிரதிதான் வாங்கும். அது கைமாறிக் கைமாறி எல்லோரிடமும் போகும். கஞ்சத்தனத்துக்குப் 'பகிர்வு' என்று பெயர். எடைக்குப் போகப்போகிற புத்தகம்தானே, ஆளுக்கொன்று இலவசமாகத் தருகிறேன் என்று நான் சொல்லிப் பார்த்தேன். "மரபை மாத்த வேண்டாம்மா" என்று சொல்லிவிட்டார்கள். முதலில் ஆடிட்டர் கைக்குப் போனது, அவர் வீடு நூலகத்துக்குப் பக்கம் என்பதால். அவரிடமிருந்து மற்றவர்களுக்கு.

முடிவு சொல்கிற ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர் ஸ்கூட்டரில் கொண்டுவந்து இறக்கினார். வழக்கமாகக் கீழேயே மரத்தடியில் நிற்பார். "மேல வாங்களேன், கை தட்டறதுக்காவது ஒரு ஆள் வேணாமா" என்றேன். வந்தார். கதவோரம், ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு, பிள்ளைக்கு டி.சி. வாங்க வந்தவர் போல உட்கார்ந்தார். நாவலைப் பற்றி எங்களுக்குள் பேச்சு வந்ததே இல்லை. அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

முன்னுரையார் எழுந்தார். "இந்த நூலை நான் நான்கு முறை வாசித்தேன். நான்கு முறையும் ஒரு வரியிலே நின்றுவிட்டேன்." கண்ணை மூடிக்கொண்டார். "'அவள் கதவைத் திறந்தபோது வெளியே'. அவ்வளவுதான்! வெளியே என்ன? இருளா, விடுதலையா, மரணமா? ஆசிரியர் சொல்ல மாட்டேங்கறாரே! வாசகனுக்கு விட்டுடறாரே!"

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிடம் எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அடடா, நானா இப்படி எழுதினேன் என்று எனக்கே ஆச்சரியம். ஒரு மூச்சு இழுத்து விட்ட பிறகுதான் ஞாபகம் வந்தது. வெளியே பால் பாக்கெட் கிடந்தது. அடுத்த பக்கத்தில் தெளிவாக எழுதியிருக்கிறேன், வெளியே பால் பாக்கெட் கிடந்தது என்று.

வயசானவர், போகட்டும் என்று விட்டேன். பல் டாக்டர் எழுந்தார். அவருக்கு ஆறு முறை. "எனக்கு வேற வரிங்க. 'மாமியாரின் பழைய'. அந்த 'பழைய'ங்கற சொல்லோட நிறுத்திடறாங்க பாருங்க. பழைய எது? கோபமா? வலியா? தலைமுறை தலைமுறையா வர்ற சுமையா? வேர் வரைக்கும் போயிடறாங்க."

மிக்சி, டாக்டர். மாமியாரின் பழைய மிக்சி. மறுபடி ரிப்பேர். நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கினேன்.

வக்கீலம்மா எழுந்ததும் மேசையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். "'இனிமேல் ஒருபோதும்!' இது வாக்கியமில்ல, சபதம்! ஒரு பொண்ணு உலகத்தப் பாத்து விடற சவால்! ஒன்பது தடவ படிச்சேன், ஒன்பது தடவையும் புல்லரிச்சுது!"

இனிமேல் ஒருபோதும் இந்தக் கடையில் தக்காளி வாங்கக் கூடாது என்று அவள் நினைத்துக்கொண்டாள். இதுதான் ஐயா சபதம்.

எனக்கு எங்கேயோ பொறி தட்டியது. பால் பாக்கெட், மிக்சி, தக்காளி மூன்றுமே பக்கத்தின் தலையில் வருகிறவை. அப்படியானால் இவர்கள் சிலிர்த்ததெல்லாம் முந்தின பக்கத்தின் கடைசி வரி. "கொஞ்சம் குடுங்க மேடம்" என்று பிரதியை வாங்கிப் புரட்டினேன். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும், கடைசி வரிக்கு நேராக, ஒரு சிவப்பு டிக், ஒரு பச்சை டிக். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை, ஒன்று பாக்கியில்லை.

புரிந்துவிட்டது. நல்ல வரியையெல்லாம் யாரோ குறித்து வைத்திருக்கிறார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்திருக்கிறார்கள். டாக்டர் தலைவரை நினைத்திருப்பார், தலைவர் வக்கீலம்மாவை நினைத்திருப்பார். டிக் போட்ட வரியை மட்டும் பார்த்து, அதில் ஒன்றைப் பொறுக்கி, மனப்பாடம் செய்துகொண்டு வந்து ஒப்பிக்கிறார்கள். என் கடைக்கு வருகிற கேஸ்கள்!

கோபம் தலைக்கேறியது. பிள்ளை பெற்றவளிடம் வந்து 'குழந்தைக்கு மூக்கு ரொம்ப அழகு' என்று ஒருவன் தொட்டிலைப் பார்க்காமலே சொன்னால் எப்படி இருக்கும்? எழுந்து நின்று நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று வந்தது. ஆனால் வாயைத் திறந்தால் எடைக்கடை, மூடினால் நூலகம். மூடிக்கொண்டேன். புன்னகை வேறு செய்தேன், வெட்கம் கெட்டவள்.

"ஆடிட்டர் சார் வழக்கம்போல ஆமோதிக்கிறார். அப்ப ஏகமனதாக..." என்று முன்னுரையார் ஆரம்பித்தார்.

"இல்ல சார். எனக்கு ஆட்சேபம் இருக்கு" என்றார் ஆடிட்டர். சொல்லிவிட்டுக் கையையும் தூக்கினார்.

நாற்காலிகள் எல்லாம் ஒருதரம் கிறீச்சிட்டன. "நீங்க படிச்சீங்களா?" என்று கேட்டார் பல் டாக்டர், ஏதோ தகாத காரியத்தைப் பற்றிக் கேட்பது போல.

"ரெண்டு தடவ படிச்சேன். அதான் டிக் போட்டிருக்கேனே. பக்கம் முடிய முடிய ஒரு டிக் போட்டுடுவேன், எதுவும் விட்டுப்போகக் கூடாதுல்ல. மொத தடவ சிவப்பு, ரெண்டாவது பச்சை. ஆபீஸ் பழக்கம், வீட்லயும் போக மாட்டேங்குது."

பல் டாக்டர் தன் ஷூவைப் பார்த்தார். வக்கீலம்மா கைப்பைக்குள் எதையோ அவசரமாகத் தேடினார். முன்னுரையார் மட்டும் அசரவில்லை. "கலையிலே தற்செயல் என்று ஒன்று கிடையாது. டிக்கும் ஒரு வாசிப்புதான்" என்றார். அந்தத் தைரியம் எனக்கிருந்தால் நான் பத்து நாவல் எழுதியிருப்பேன்.

"ஆட்சேபம் என்னன்னு கேக்கலாமா?" என்றேன். என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை.

ஆடிட்டர் என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. மொத தடவ படிச்சப்ப அந்தப் பொண்ணுக்காக அழுதுட்டேன். எங்க வீட்ல வந்து என்ன ஆச்சுன்னு கேட்டாங்க. அந்தப் புருஷன் மட்டும் கையில கெடச்சா ரெண்டு சாத்து சாத்தணும்னு வந்துச்சு. இவ்ளோ நல்லா இருக்கே, இன்னொரு தடவ படிப்போம்னு எடுத்தேன். அங்கதான் இடிச்சுது."

"எங்க?"

"அந்தப் பொண்ணுக்குக் காய்ச்சல் வருது. எழுந்திரிக்க முடியாம கெடக்கறாங்க. கண்ணு முழிச்சுப் பாத்தா தலமாட்டுல மாத்திரை, பக்கத்துல தண்ணி. யாரு வெச்சது?"

"வீட்ல இருந்த மாத்திரைதான்" என்றேன்.

"வீட்ல மாத்திரை தீந்துபோச்சுன்னு அதுக்கு முந்தின பக்கத்துல நீங்களே எழுதியிருக்கீங்களேம்மா. சரி, அத விடுங்க. பரீட்சை எழுத வெளியூர் போறாங்க. அந்த நாளெல்லாம் பிள்ளைக்குச் சோறு கட்டினது யாரு? விடிய விடிய உக்காந்து எழுதறாங்க, காலைல பாத்திரமெல்லாம் கழுவிக் கவுத்து வெச்சிருக்கு. யாரு கழுவினது? அந்த வீட்ல இருக்கறது ரெண்டு பெரியவங்க, ஒரு கொழந்த. மாத்திரை என்ன தானா நடந்தா வந்துச்சு? வரவெல்லாம் ஒழுங்கா எழுதியிருக்கீங்க. குடுத்தவன் பேரத்தான் எங்கயும் காணோம்."

நான் கையிலிருந்த பிரதியை மூடி மேசைமேல் வைத்தேன்.

"மொத தடவ நீங்க கை காட்டின பக்கமே பாத்துட்டுப் போயிட்டேன்மா" என்று இன்னும் தணிந்த குரலில் சொன்னார். "ரெண்டாவது தடவ கண்ணு சும்மா இருக்க மாட்டேங்குது, மூலை முடுக்கெல்லாம் போவுது. மறுபடி படிக்கற புக்குன்னா அதுக்கும் தாங்கணும்ல. இது தாங்கல. ஆனா எழுத்து நல்லா வருது உங்களுக்கு. அத சொல்லாமப் போனா பாவம்."

எனக்கு அந்த மனுஷனை அறையலாம் போல இருந்தது. அதே நேரத்தில், கடவுளே, ஒருத்தர் படித்திருக்கிறார், ஒரு வரி விடாமல் படித்திருக்கிறார் என்று காலில் விழலாம் போலவும் இருந்தது. இரண்டும் ஒன்றாக வந்தால் மனிதர்கள் என்ன செய்வார்கள் என்று தெரியவில்லை. நான் மேசைத் துணியைச் சுரண்டினேன்.

இதற்குள் எல்லாத் தலையும் கதவுப் பக்கம் திரும்பிவிட்டது. என் முழுக் கற்பனை அங்கே ஹெல்மெட்டோடு உட்கார்ந்திருந்தது.

"சார், நீங்க இந்த நாவலப் படிச்சிருக்கீங்களா?" வக்கீலம்மா குறுக்கு விசாரணையைத் தொடங்கிவிட்டார். டிக் விவகாரத்திலிருந்து தப்பிக்க அவருக்கு ஒரு சாட்சி தேவைப்பட்டது.

"படிச்சிருக்கேங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"எத்தன தடவ?"

"ஒரு தடவதாங்க." ஹெல்மெட்டின் பட்டையைப் போட்டார், கழற்றினார். "ரெண்டாவது தடவ முடியலங்க."

"பாத்தீங்களா! நூலின் கனம் அப்படி!" என்று முன்னுரையார் தொடையில் தட்டிச் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை. அவர் காரியத்தில் கண்ணாக ஆடிட்டரிடம் திரும்பினார். "ஒரு கை சார். உங்க ஒரு கையால ஒரு படைப்பே எடைக்குப் போகணுமா? பெரிய மனசு பண்ணுங்க. அந்தம்மா முகத்தப் பாருங்க."

ஆடிட்டர் என் முகத்தைப் பார்த்தார். அதில் என்ன இருந்ததோ, "அவங்களுக்குக் கஷ்டம்னா எறக்கிடறேன் சார். எனக்கென்ன வந்துச்சு" என்று கையை இறக்கிவிட்டார். பல் டாக்டர் அப்போதே கைதட்ட ஆரம்பித்துவிட்டார். மரபு மாறக் கூடாதே, முன்னுரையார் சடங்குக்காக ஒருதரம் கேட்டார்: "வேறு யாருக்காவது ஆட்சேபம்?"

நான் கையைத் தூக்கினேன்.

தியாகம் கீகம் எல்லாம் கிடையாது. சுத்தமான கோபம். யார்மேல் என்று கேட்டால் அந்த நேரத்தில் சொல்லத் தெரியாது. படிக்காமல் புகழ்கிறவன்மேல், படித்துவிட்டுக் கையை இறக்குகிறவன்மேல், படித்துவிட்டு ஒரு வார்த்தை சொல்லாமல் வருஷக்கணக்காக என்னை ஸ்கூட்டரில் ஏற்றி இறக்குகிறவன்மேல். தூக்கின கை தூக்கினபடியே நின்றது.

"அம்மா, இது உங்க புக்கும்மா!" என்று அலறினார் முன்னுரையார்.

"உறுப்பினர்னுதான் சார் விதில இருக்கு. எழுதினவ கூடாதுன்னு இல்லையே."

"காரணம் சொல்லணுமில்ல?"

"காரணம் வேணும்னா புக்கப் படிங்க சார். மேல் வரிலேருந்து."

பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டேன். பின்னாலேயே என் வீட்டுக்காரர் ஓடி வந்தார். கீழே வந்ததும் ஆரம்பித்தார். "கிறுக்கா பிடிச்சிருக்கு உனக்கு? அந்தாளே கைய எறக்கிட்டான். பழத்த உரிச்சுக் கையில குடுக்கறாங்க, தட்டிவிட்டுட்டு வர்றே. அத்தனையும் எடைக்குப் போவுது இப்ப!"

"போகட்டும்."

"எத்தன வருஷம் உக்காந்து எழுதினே!"

"போகட்டும்ங்கறேன்ல! அந்தக் காய்ச்சலுக்கு மாத்திரை எங்க வாங்கினீங்க அன்னிக்கு?"

"அதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கு? கடை தொறந்திருந்துச்சு, வாங்கினேன்." ஸ்கூட்டர் சாவியைத் துளையில் போட்டவர் திருப்பாமல் நின்றார்.

"படிச்சத ஏன் எங்கிட்ட சொல்லல?" என்று கத்தினேன். தெருவில் போன ஒருவர் திரும்பிப் பார்த்தார். "ரெண்டாவது தடவ ஏன் முடியல? அவ்ளோ மோசமாவா எழுதியிருக்கேன்?"

"மோசம்னு யாரு சொன்னது?" சாவியையே பார்த்துக்கொண்டிருந்தார். "கடைசில அவ பொட்டியத் தூக்கிட்டுக் கெளம்பிடறா இல்ல, சொல்லாம கொள்ளாம?"

"ஆமா."

"அதப் படிச்சு முடிச்சதும் எழுந்து உள்ள வந்து பாத்தேன். நீ தூங்கிட்டுதான் இருந்த." வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கினார். "அதுக்கப்புறம் கொஞ்ச நாளு, வேலை விட்டு வந்தா மொதல்ல வாசல்ல உன் செருப்பு கெடக்கான்னு பாத்துட்டுதான் உள்ள வருவேன். சரி ஏறு, மழ வர்ற மாதிரி இருக்கு."